சட்டக் கல்லூரி மாணவருக்கு எந்த பேர் ஆக்ட்? கடையில் கிடைக்கும் பதிப்புகள் பற்றி

மூன்றாண்டு எல்எல்பியோ ஐந்தாண்டு பிஏ எல்எல்பியோ, சேர்ந்த முதல் வாரத்தில் சட்டப் புத்தகக் கடைக்குப் போனால் கடைக்காரர் எடுத்து வைப்பது கைடைத்தான். பேர் ஆக்ட் நாமாகக் கேட்டால்தான் வரும். விளக்கவுரை எதுவுமில்லாமல் சட்டத்தின் வாசகத்தை மட்டும் அச்சிட்ட புத்தகம் அது. விலை பெரும்பாலும் இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பத்துப் பதிப்புகளில் இரண்டு மூன்றுதான் மாணவருக்கு உதவும். மற்றவை காசுக்குக் கேடு.

குற்றவியலில் இருந்து தொடங்குவோம், குழப்பம் அதிகம் அங்கேதான். 2024 ஜூலை 1 முதல் ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்), சிஆர்பிசி (குற்றவியல் நடைமுறைச் சட்டம்), சாட்சியச் சட்டம் மூன்றுக்கும் பதிலாக பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா), பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா), பிஎஸ்ஏ (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) நடைமுறைக்கு வந்தன. முறையே 358, 531, 170 பிரிவுகள். மூன்றையும் ஒரே கெட்டி அட்டைக்குள் தைத்து விற்கும் தொகுப்பு பார்க்க அழகாக இருக்கும். வக்கீல் மேசைக்கு அது சரி. மாணவருக்குச் சரிப்படாது. தாள் மெல்லிசு, ஹைலைட்டர் போட்டால் பின்பக்கம் வரை ஊறும், எழுத்து பொடிசு, தினமும் பையில் போட்டுச் சுமக்கவும் முடியாது. தனித்தனியாக மூன்று மெல்லிய புத்தகங்கள் வாங்குவதே மேல். ஆன்லைனில் வாங்குபவர்கள் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: ‘டைகிளாட்’ என்று போட்டிருந்தால் ஒரு பாதி இந்தி. இந்தி படிக்காதவருக்கு அது பாதிப் புத்தகம், முழு எடை.

அடுத்து, ‘ஷார்ட் நோட்ஸ் உடன்’ என்று வரும் வகை. பிரிவுக்குக் கீழே நாலைந்து தீர்ப்புகளை ஒரு வரியில் சுருக்கித் தருவார்கள். படிக்கும்போது வசதிதான். ஆனால் வக்கீல் தொழில் நடத்த எழுதவேண்டிய அகில இந்திய பார் தேர்வு அறைக்குள் குறிப்புகள் இல்லாத பேர் ஆக்டை மட்டும்தான் விடுகிறார்கள். ஆகவே நோட்ஸ் பதிப்பு வாங்கினால் இன்னொரு முறை செலவு செய்யத் தயாராக இருங்கள். வெறும் வாசகப் பதிப்பிலும் பேனாவால் கிறுக்காமல் கலர் பென்சிலோடு நிறுத்திக்கொள்வது பத்திரம்.

கடையில் நின்றபடியே மூன்று இடத்தைப் புரட்டினால் பதிப்பின் தரம் தெரிந்துவிடும். முதலில் பிஎன்எஸ் 106. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது பற்றிய பிரிவு, பழைய ஐபிசி 304ஏ. வண்டியால் இடித்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடுபவருக்குப் பத்தாண்டு வரை சிறை என்று சொல்லும் 106(2) உட்பிரிவை மட்டும் 2024 பிப்ரவரியில் வந்த நடைமுறை அறிவிக்கை விட்டுவிட்டது, அதாவது அது அமலுக்கு வரவில்லை. நல்ல பதிப்பில் இதற்கு அடிக்குறிப்பு இருக்கும். இல்லையென்றால் பதிப்பாளர் அரசிதழ் வாசகத்தை அப்படியே அச்சுக்கு அனுப்பியிருக்கிறார், வேறெதையும் சரிபார்க்கவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, பிஎன்எஸ்எஸ் முதல் அட்டவணை. ஆறு பத்திகள்: பிரிவு, குற்றம், தண்டனை, வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாமா, ஜாமீனில் விடத்தக்கதா, எந்த நீதிமன்றம். செமஸ்டர் தேர்வின் பிரச்சினைக் கேள்விகளில் பாதிக்கு விடை இங்கேதான். மலிவுப் பதிப்புகளில் பக்கம் மாறும்போது மேல் வரிசைத் தலைப்பைத் திரும்பப் போடுவதில்லை. ஒரே பிரிவின் இரண்டு வரிசைகள் இரண்டு பக்கத்தில் பிரிந்து கிடக்கும். விளைவைத் திருட்டில் பார்க்கலாம். பிஎன்எஸ் 303(2) பொதுவாக காக்னிசபிள் (வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்கது), ஜாமீனில் விட இயலாதது. ஆனால் 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள், முதல் தடவை, பொருளோ அதன் மதிப்போ திரும்பக் கிடைத்துவிட்டது என்றால் சமூக சேவைதான் தண்டனை. அந்த வரிசையில் நான்-காக்னிசபிள், ஜாமீனில் விடத்தக்கது. அடுத்த பக்கத்தில் கிடக்கும் இரண்டாவது வரிசையைப் பார்க்காமல் எழுதினால் பதில் தலைகீழ்.

மூன்றாவது, பிஎஸ்ஏ புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள். மின்னணு ஆவணங்களுக்குத் தரவேண்டிய, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் இப்போது 63ஆம் பிரிவில் இருக்கிறது; அதன் படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே வந்துவிட்டது. பகுதி ஏ-வை ஆவணத்தைத் தாக்கல் செய்பவரும், பகுதி பி-யை நிபுணரும் நிரப்ப வேண்டும்; ஹாஷ் மதிப்பு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) எழுத இரண்டிலும் இடம் உண்டு. சில பதிப்புகள் 170ஆம் பிரிவோடு கடையைச் சாத்திவிடுகின்றன. அவற்றை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

பழைய–புதிய பிரிவு ஒப்பீட்டுப் பட்டியல் பின்னால் இருந்தால் நல்லது; ஆனால் அதை வழிகாட்டிப் பலகையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் கண்டுபிடிக்கப்படுவதைப் பற்றிய, சாட்சியச் சட்டத்தின் புகழ்பெற்ற 27 இப்போது தனிப் பிரிவே இல்லை, 23க்குள் வரம்புரையாக, அதாவது புரொவைசோவாக, ஒடுங்கிக்கொண்டது. ராஜதுரோகம் பற்றிய ஐபிசி 124ஏ-க்கு எதிரே பட்டியல்கள் பிஎன்எஸ் 152ஐப் போடுகின்றன. இரண்டின் வாசகத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று அரசின் மீதான வெறுப்பைப் பேசுகிறது, மற்றது நாட்டின் இறையாண்மையையும் ஒற்றுமையையும் பேசுகிறது. ‘அதே பிரிவு, எண் மட்டும் மாற்றம்’ என்று எழுதினால் மதிப்பெண் போகும். சினிமா பார்த்து மனப்பாடமான 302 வேறு இருக்கிறது: கொலைக்குத் தண்டனை இப்போது 103, பிஎன்எஸ்ஸின் 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. 420 என்ற எண்ணே கிடையாது, மோசடி 318(4)க்குப் போய்விட்டது. (ஊரில் ஏமாற்றுக்காரரைத் திட்ட இனி என்ன செய்வார்களோ!)

இதற்காகப் பழைய ஐபிசி புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்களுக்கு அதுதான் பொருந்தும். பிஎன்எஸ் 358 அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. வகுப்பில் சொல்லும் தீர்ப்புகளும் பெரும்பாலும் ஐபிசி எண்ணில்தான் பேசும். சீனியரிடம் இலவசமாகக் கிடைத்தால் வாங்கி வைக்கலாம், புதிதாகக் காசு கொடுக்க வேண்டாம்.

கைடு இருக்கும்போது இது எதற்கு என்பவர்களுக்கு பிஎன்எஸ் 303ஐக் காட்டலாம். கைடில் திருட்டுக்கு ஐந்து கூறுகளைப் பட்டியல் போட்டு, இரண்டு உதாரணத்தோடு முடித்திருப்பார்கள். பேர் ஆக்டில் 16 உதாரணங்கள். இன்னொருவரின் நாயை இழுத்துப் போகச் சட்டைப்பையில் தீனி வைத்துக்கொள்கிறான் ஒருவன். நேர்மையற்ற நோக்கம் இருந்தால், நாய் அவன் பின்னால் நடக்கத் தொடங்கிய நொடியிலேயே திருட்டு முடிந்துவிட்டது, வீடு வரை போக வேண்டியதில்லை. கேள்வித்தாளில் நாய் ஆடாக மாறி வரும், அவ்வளவுதான். படிக்கும்போது பிரிவின் உடல், விளக்கம், உதாரணம், விதிவிலக்கு நான்குக்கும் நான்கு வண்ணப் பென்சில் வைத்துக்கொண்டால் கொலையை வரையறுக்கும் 101ஆம் பிரிவு மாதிரி நீளமானவையும் கண்ணுக்குப் பிடிபடும்.

குடும்பச் சட்டத்துக்கு வாங்கும்போது தமிழ்நாட்டு மாணவர் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: மாநிலத் திருத்தம் உள்ளதா? வடக்கே அச்சாகும் பல பதிப்புகளில் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ இருக்காது. சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கி 1967இல் இங்கே சேர்த்த பிரிவு. புரோகிதர் இல்லாமல், உற்றார் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ தாலி கட்டினாலோ போதும் என்பது அதில்தான் இருக்கிறது. நம் ஊர்த் தேர்வில் கேட்காமல் விடமாட்டார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு தந்த 1989 திருத்தமும் (29ஏ) அப்படித்தான். சிவில் நடைமுறைச் சட்டத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றத் திருத்தங்கள் சேர்ந்த பதிப்பைக் கேளுங்கள்.

ஒப்பந்தச் சட்டத்தில் 76 முதல் 123 வரை இல்லையே என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போக வேண்டாம். பக்கம் கிழியவில்லை, 1930இல் சரக்கு விற்பனைச் சட்டம் தனியாகப் போனபோது நீக்கப்பட்ட பிரிவுகள் அவை.

தமிழ்ப் பதிப்பு துணைக்கு நல்லது, தனியாகப் போதாது. காக்னிசபிள் குற்றத்தை ஒருவர் ‘பிடியாணை வேண்டாக் குற்றம்’ என்பார், இன்னொருவர் ‘புலன்கொள் குற்றம்’ என்பார். தமிழில் தேர்வு எழுதுபவர் ஒரே பதிப்பைப் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் ஆங்கிலச் சொல்லையும் எழுதிவைத்தால் திருத்துபவருக்கும் குழப்பமில்லை.

காசே செலவழிக்க முடியாதவர்களுக்கு அரசின் ‘இந்தியா கோட்’ தளம் இருக்கிறது. மத்தியச் சட்டங்களைப் பிரிவுவாரியாகத் திறக்கலாம், பிடிஎஃப் இறக்கலாம். சந்தேகம் வந்தால் அச்சுப் பதிப்பைச் சரிபார்க்கவும் அதுவே இடம். ஆனால் படிப்பை முழுக்க போனிலேயே நடத்தினால் எந்தப் பிரிவு எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது மனதில் பதியாது. தேர்வு அறையில் தேடித் தர அங்கே தேடுபெட்டியும் இல்லை.

எல்லா செமஸ்டருக்கும் சேர்த்து முதல் நாளே மூட்டை கட்டி வாங்குவது பெரிய தவறு. தொழிலாளர் சட்டமே சாட்சி: 29 சட்டங்களை விழுங்கிய நான்கு தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. முன்கூட்டியே தொழிற்தகராறுச் சட்டம் வாங்கி வைத்தவர்கள் கையில் ரத்தான சட்டம் இருக்கிறது. பாடத்திட்டத்தில் எது இருக்கிறது என்று வகுப்பு எடுக்கும் பேராசிரியரிடம் கேட்டுவிட்டு, அந்தந்த செமஸ்டருக்கு மட்டும் வாங்குங்கள்.