பி.கே.எம்-1 முருங்கை: கத்தி எடுப்பவர்களுக்கு மட்டும்

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட, விதை ஊன்றி வளர்க்கும் செடிமுருங்கை ரகம் பி.கே.எம்-1. விதைக்கடையில் ரகம் சொல்லாமல் முருங்கை விதை என்று கேட்டாலும் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். விதைத்த 160, 170 நாளில் காய் பறிக்கலாம். காய் 65 முதல் 70 செ.மீ. நீளம், நல்ல சதைப்பற்று. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஒரு மரம் ஆண்டுக்கு 200 காய்க்கு மேல் கொடுக்கும்.

இது வயல் கணக்கு. வீட்டுக் கொல்லைக்கு இந்த ரகம் சரிப்படுமா என்பது அந்த வீட்டில் யாராவது கத்தி எடுப்பார்களா என்பதைப் பொறுத்தது. வெட்ட வெட்டக் காய்க்கும் சாதி இது. வெட்டாமல் விட்டால் ஒட்டடைக்குச்சி மாதிரி நெட்டையாகப் போய், காயெல்லாம் எட்டாத உயரத்தில் தொங்கும். ஆடிக் காற்றுக்குக் கிளை முறியும். முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்பார்கள். இரண்டாவது பாதியைத் தள்ளிவிடுங்கள். முதல் பாதி அப்படியே உண்மை.

நர்சரிகளில் பையில் வளர்ந்த கன்றும் கிடைக்கிறது. அதை வாங்காதீர்கள். முருங்கையின் ஆணிவேர் கிழங்கு போலத் தடித்து நேராக இறங்கும். பையின் அடியில் முட்டினால் சுருண்டுகொள்ளும். பிறகு மண்ணில் வைத்தாலும் நிமிராது. அப்படிப்பட்ட கன்று பார்க்கத் தளதளவென்று இருக்கும், முதல் பெருங்காற்றுக்கே சாயும். விதை பாக்கெட்டாக வாங்கி, குழியிலேயே நேராக ஊன்றுவதுதான் சரி. பாக்கெட்டில் முளைப்புத்திறன் சோதித்த தேதியைப் பாருங்கள். பழைய விதை முளைக்காது.

குழி 45 செ.மீ. நீள, அகல, ஆழம். தொழுவுரம் 15 கிலோவை மேல்மண்ணோடு கலந்து நிரப்பி, நடுவில் கொஞ்சம் மேடாக்கி, 3 செ.மீ. ஆழத்தில் இரண்டு விதை. பத்து நாளில் முளைக்கும். திடமானதை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். மேடு முக்கியம். முருங்கைக்கு வறட்சி பொறுக்கும், காலடியில் நிற்கும் தண்ணீர் பொறுக்காது, வேர் அழுகிவிடும். களிமண் தோட்டத்தில் இந்த ரகம் தோற்கிறது என்றால் பத்தில் ஒன்பது தடவை காரணம் இதுதான். மரத்துக்கு மரம் 2.5 மீட்டர், மதில் சுவரிலிருந்தும் அதே அளவு தள்ளி வையுங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். விதைத்த மூன்று நான்கு மாதத்தில் பூக்கும், பூவில் மழை விழுந்தால் உதிரும். ஆவணிக் கடைசியில் ஊன்றினால் ஐப்பசி கார்த்திகை அடைமழை கழிந்து தையில் பூக்கும். பூ நேரத்தில் பாசத்தோடு தினமும் தண்ணீர் ஊற்றினாலும் பூ கொட்டும்.

இனி கத்தி. செடி 75 செ.மீ. உயரம் வந்ததும், ஏறக்குறைய இரண்டாவது மாதம், நுனிக்குருத்தைக் கிள்ளிவிட வேண்டும். பக்கக்கிளை விடும். கிள்ள மனசு வராதவர்கள்தான் பிறகு துறட்டிக்கோல் தேடுகிறார்கள். ஓராண்டுக் காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ. விட்டு மொத்தமாக அறுங்கள். பார்க்கக் கொலை மாதிரி இருக்கும். ஆனால் நாலைந்து மாதத்தில் மறுதாம்பு, அதாவது வெட்டிய அடியிலிருந்து மறுபடி துளிர்ப்பது, காய்க்கும். இப்படி மூன்று முறை. அதற்குப் பிறகு காய்ப்பு குறைந்துவிடும், புது விதை ஊன்ற வேண்டியதுதான். பேரன் காலம் வரை நிற்க வேண்டும் என்பவர்கள் யாழ்ப்பாணம் அல்லது மூலனூர் முருங்கைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) வாங்கி நடலாம்: ஒரு மீட்டர் நீளம், மணிக்கட்டுப் பருமன், மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள், மேல்முனை காயாமலிருக்கச் சாணி உருண்டை.

அடியில் மூலிகை வைக்க நல்ல இடம். நிழல் சல்லடையாக விழும். துளசி, கற்பூரவல்லி தாராளமாக வரும். வல்லாரையை மட்டும் இங்கே வைக்காதீர்கள். அதற்கு எப்போதும் ஈரம் வேண்டும், முருங்கைக்கு அதுவே விஷம். அது துவைக்கிற கல் ஓரத்துக்குப் போகட்டும். தூதுவளையை மரத்தில் ஏற்றினால் கீரை ஒடிக்கிற கையெல்லாம் முள், வேலிக்கு அனுப்புங்கள். அந்த வேலி ஆடாதொடையாக இருந்தால் இன்னும் நல்லது. முருங்கைக் கன்றைக் கண்டால் ஆடு விடாது, ஆடாதொடையில் வாய் வைக்காது.

பூச்சி விஷயத்தில் இந்த ரகத்துக்குத் தனிச் சலுகை ஏதும் இல்லை. மழைக்குப் பிறகு அடிமரத்தில் பழுப்பு நிறக் கம்பளியை மடித்து ஒட்டியதுபோல ஒன்று தெரியும். கிட்டப் போனால் அது மெல்ல நெளியும். கம்பளிப்பூச்சிக் கூட்டம். பந்தம் கொளுத்திக் காட்டுவது பழைய வழக்கம், ஆனால் முருங்கைப் பட்டை மெத்தென்றது, சூடு பட்டால் வெந்துவிடும். நீளத் துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளுவது போதும். வெறுங்கை வேண்டாம், அரிப்பு ஒரு நாள் முழுக்க இருக்கும்.

காய் பிளந்து பிசின் வடிந்து நுனியிலிருந்து அழுகினால் அது பழ ஈ. விழுந்த காயை உரக்குழியில் போடாதீர்கள், புழு அங்கேயே பிழைத்துக்கொள்ளும். பையில் கட்டி வெயிலில் காயவைத்து அப்புறப்படுத்துங்கள். அதன் கூட்டுப்புழு மண்ணில் இருப்பதால் மரத்தடியைக் கொத்திக் கிளறிவிட வேண்டும். பிஞ்சு விடும்போதே வேப்பங்கொட்டைக் கரைசல் தெளியுங்கள்: லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் இடித்த வேப்பம்பருப்பு, ஒரு ராத்திரி ஊறல், வடிகட்டிக் கொஞ்சம் காதி சோப்பு.

கடைசியாக விதை. சொந்த மரத்துக் காயை முற்றவிட்டு எடுத்து வைப்பவர்கள் பலர். முருங்கை அயல் மகரந்தத்தில் காய்க்கிற மரம். தேனீ பக்கத்து வீட்டு முருங்கையிலிருந்தும் மகரந்தம் கொண்டுவரும். அதனால் அந்த விதையில் தாயைப் போலவே மரம் வருமென்று நம்ப முடியாது. கீரைக்கு மட்டும் என்றால் அது போதும். காய்க்கு என்றால் ஒவ்வொரு முறையும் புதுப் பாக்கெட்.