ஆண்டுக்கு 5 கோடி, ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதிப் பணியைப் பயன்படுத்திய அனுபவம்

பதினைந்தாவது மக்களவை அமைந்த 2009-ஆம் ஆண்டிலிருந்து எங்கள் ஊர் விவசாயிகளின் சார்பில் மனு எழுதுவதும் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் பொறுப்பாக இருந்து வருகிறது. களம், பாதை, ரயில், பயிர்க் காப்பீடு என்று ஏதாவது ஒரு காரியத்துக்காக நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்துக்குப் போகாத ஆண்டே இல்லை. இடையில் உறுப்பினர்களும் கட்சிகளும் மாறியிருக்கின்றன. வெண்ணாற்றுப் பாசனத்தைச் சேர்ந்த ஊர் என்பதற்கு மேல் தொகுதியின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம், ஒருவரைப் புகழ்வதும் இன்னொருவரைக் குறை சொல்வதும் இந்தப் பகிர்வின் நோக்கம் அல்ல என்பதே. டெல்டாவின் ஒரு சிற்றூர் அந்தப் பதவியிடமிருந்து எதைப் பெற முடிகிறது, எதைக் கேட்டுக் காலத்தைக் கழிக்கிறது என்பதைப் பயனாளியின் இடத்தில் நின்று எழுதுகிறேன். நிழற்குடைக்கும் சிமெண்ட் சாலைக்கும் மட்டுமே அவரைத் தேடிப் போகிறவர்கள் அந்தப் பதவியின் மிகச் சிறிய பகுதியைத்தான் பயன்படுத்துகிறார்கள். நெல்லின் ஈரப்பதம், காப்பீடு, ரயில் ஆகியவற்றில்தான் அவருடைய குரலுக்கு உண்மையான வலிமை இருக்கிறது. இத்தனை காலப் பழக்கத்தில் நான் உறுதியாக வந்தடைந்த கருத்து இது.

ஆயினும் எல்லோரும் முதலில் கேட்பது தொகுதி மேம்பாட்டு நிதியைப் பற்றித்தான். 1993 டிசம்பரில் தொடங்கப்பட்ட இந்தத் திட்டத்தில் ஓர் உறுப்பினருக்கான ஒதுக்கீடு 1998-99-இல் ஆண்டுக்கு 2 கோடி ரூபாயாகவும் 2011-12-இல் 5 கோடி ரூபாயாகவும் உயர்ந்தது. கேட்பதற்குப் பெரிய தொகை. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கியிருப்பதால், சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 83 லட்சம் ரூபாய்தான் வரும். அதே சட்டமன்றத் தொகுதியின் உறுப்பினருக்கு மாநில அரசின் திட்டத்தில் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது. ஊருக்குள் முடிக்க வேண்டிய சிறு வேலை என்றால் சட்டமன்ற உறுப்பினரிடம் போவதே நியாயமான வழி என்பதை இந்தக் கணக்கே காட்டும். இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. நாடாளுமன்ற உறுப்பினர் பரிந்துரை செய்கிறார். நிர்வாக அனுமதி வழங்குவதும் பணத்தை விடுவிப்பதும் மாவட்ட நிர்வாகத்தின் வேலை. "எம்.பி. எழுதிக் கொடுத்துவிட்டார், இன்னும் வேலை தொடங்கவில்லை" என்று ஊரில் வரும் வருத்தத்தில் பாதி இந்த இரண்டு படிகளையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

எங்கள் ஊருக்கு இந்த நிதியில் கிடைத்தவற்றில் மூன்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். முதலாவது நெல் உலர்த்தும் களம். சம்பா அறுவடை தை, மாசியில் வரும்போது ஈர நெல்லைக் காயவைக்க இடமில்லாமல் சாலையில் கொட்டிக் காயவைப்பதும், இரவில் அதன் மீது இருசக்கர வாகனங்கள் சறுக்கி விழுவதும் டெல்டாவில் எங்கும் காணும் காட்சி. களம் கேட்டு மனு கொடுத்தபோது அலுவலகத்தில் இருந்த உதவியாளர் எங்களுக்குச் செய்த பேருதவி, மனுவோடு எவையெல்லாம் இருக்க வேண்டும் என்று எழுதியே கொடுத்ததுதான். இடத்தின் புல எண், அது ஊராட்சியின் பயன்பாட்டுக்கு உரிய நிலம் என்பதற்கான அ-பதிவேட்டு நகல், புலப்படம், ஊராட்சித் தீர்மானம், கட்டி முடித்த பிறகு பராமரிக்கும் பொறுப்பை ஏற்பதாக ஊராட்சியின் ஒப்புதல் ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. தனியார் நிலத்திலும் வழிபாட்டுத் தலத்துக்காகவும் இந்த நிதியைச் செலவிட விதி இடம் தராது என்பதையும் அவரே விளக்கினார். தாள்கள் முழுமையாக இருந்ததால் பரிந்துரை விரைவில் வந்தது. ஆனால் ஒப்பந்தப்புள்ளிக்கு முன்பே, கொரோனா காலத்தில் 2020 ஏப்ரலில் மத்திய அரசு இந்தத் திட்டத்தையே நிறுத்திவைத்தது. 2021 நவம்பரில் திட்டம் மீண்டும் தொடங்கி, அந்த நிதியாண்டின் எஞ்சிய காலத்துக்கு 2 கோடி ரூபாய் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்ட பிறகுதான் எங்கள் களத்துக்கு உயிர் வந்தது.

பல அறுவடைகளைக் கண்டுவிட்ட அந்தக் களத்தைப் பற்றி நிறைவாகவே சொல்ல முடிகிறது. தளத்தில் பெரிய வெடிப்பு இல்லை, டிராக்டர் ஏறினாலும் ஓரம் உடையவில்லை. வடகிழக்கு மூலையில் வாட்டம், அதாவது தண்ணீர் வடியும் சரிவு, சரியாக அமையாததால் மழை பெய்தால் அங்கே தண்ணீர் தேங்குகிறது. அந்தப் பகுதியில் நெல்லைக் கொட்டுவதில்லை. களம் கேட்கிற ஊர்களுக்கு நான் சொல்வது, தளம் போடும் நாளில் உதவிப் பொறியாளரோடு ஊரார் சிலரும் நின்று வாட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதே. காய்ந்த பிறகு அதைத் திருத்த வழியில்லை.

இரண்டாவது, நான்கு சாலை சந்திப்பில் அமைந்த உயர்கோபுர விளக்கு. தொடக்கத்தில் ஊரே மகிழ்ந்தது. மின்கட்டணமும் பழுது பார்ப்பதும் ஊராட்சியின் பொறுப்பு என்பதால், விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தபோது அவ்வளவு உயரத்தில் ஏறி மாற்றுவதற்கு ஆளும் பணமும் கிடைக்கவில்லை. இப்போது பாதி விளக்குகளே எரிகின்றன. சாதாரணத் தெருவிளக்குக் கம்பங்களைக் கேட்டிருந்தால் ஊராட்சியின் சக்திக்குள் பராமரித்திருக்கலாம் என்பது என் கருத்து. கட்டுவதற்குப் பணம் தருகிற திட்டம் காப்பதற்குப் பணம் தருவதில்லை என்பதை மனு எழுதும் முன்பே கணக்கில் கொள்ள வேண்டும்.

மூன்றாவதுதான் இவை எல்லாவற்றிலும் மேலானது. எங்கள் ஊர்ப் பட்டியல் சமூக மக்களின் சுடுகாட்டுக்குப் போகும் வழி வயல் வரப்புகளினூடாகத்தான் இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கும் நாட்களில் இறந்தவரின் உடலைச் சேற்றில் சுமந்துகொண்டு, குறுக்கே ஓடும் வாய்க்காலில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. இந்த நிதியில் ஆண்டு ஒதுக்கீட்டில் 15 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும் 7.5 விழுக்காட்டைப் பழங்குடியினர் பகுதிகளுக்கும் பயன்படுத்த வேண்டும் என்ற வழிகாட்டு நெறி இருக்கிறது. அந்த நெறியைக் குறிப்பிட்டே அந்தத் தெருவின் இளைஞர்கள் தங்கள் கைப்பட மனு எழுதினார்கள். பாதை மண்ணடித்து உயர்த்தப்பட்டது, வாய்க்காலின் மேல் சிறு பாலம் வந்தது, எரிமேடைக்குக் கூரை வந்தது. களத்தை விட இதற்குச் செலவு குறைவு. ஆனால் இத்தனை ஆண்டுகளில் அந்த அலுவலகத்தால் எங்கள் ஊரில் நடந்த மிகப் பெரிய காரியம் எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் இந்தப் பாதையைத்தான் சொல்வேன். டெல்டாவில் இத்தகைய பாதை இல்லாத தெருக்கள் இன்னும் இருக்கின்றன. அந்த ஊர்களில் உள்ளவர்கள் நிழற்குடைக்கு முன்பாக இதைக் கேட்க வேண்டும் என்று உளமார வேண்டுகிறேன்.

முடிந்த பணியிடத்தில் வைக்கப்படும் பெயர்ப்பலகையில் உறுப்பினரின் பெயரோடு மதிப்பீட்டுத் தொகையும் ஆண்டும் இருக்கும். அதைப் படித்துப் பார்ப்பது நம் உரிமை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய வழிகாட்டு நெறிகளுக்குப் பிறகு பரிந்துரை, அனுமதி, பணம் விடுவிப்பு எல்லாம் இ-சாக்ஷி என்ற இணையத்தளத்தின் வழியாகவே நடப்பதால், எந்த வேலை எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டால் அலுவலகத்தில் உடனே பார்த்துச் சொல்ல முடிகிறது. முன்பு இதற்கே வாரக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது.

பரிந்துரைக் கடிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சைக்குப் பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்து உதவி கேட்டு அனுப்பும் விண்ணப்பத்துக்கு அவருடைய கடிதம் வலு சேர்க்கிறது. மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டோடு போனால் அன்றே கையெழுத்தாகிவிடும். கேந்திரிய வித்யாலயா பள்ளியில் இடம் கேட்டு இன்னமும் சிலர் வந்து காத்திருக்கிறார்கள். உறுப்பினர் ஒருவர் ஆண்டுக்கு 10 குழந்தைகளைப் பரிந்துரைக்கலாம் என்றிருந்த அந்த ஒதுக்கீடு 2022-இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

நெல் கொள்முதலுக்கு வருகிறேன். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடு வரை ஈரப்பதம் உள்ள நெல்லைத்தான் எடுப்பார்கள். அந்த வரம்பை நிர்ணயிப்பது மத்திய அரசின் உணவுத் துறை என்பதால் நிலையத்துப் பட்டியல் எழுத்தரோடு சண்டை போட்டு ஆவது ஒன்றும் இல்லை. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதுகிறது. சில ஆண்டுகளில் சம்பா அறுவடையின்போதும் பருவம் தவறிய மழை வந்துவிடுகிறது. அப்போது மாநில அரசு தளர்வு கேட்டு எழுத வேண்டும், மத்தியக் குழு வந்து நிலையங்களில் மாதிரி எடுக்க வேண்டும், ஆய்வு முடிந்து ஆணை வர வேண்டும். அதற்குள் குவியலின் அடியில் நெல் முளைத்துவிடும். 2023 பிப்ரவரி மழைக்குப் பிறகு 20 விழுக்காடு வரை தளர்த்தி ஆணை வந்தது. ஆணை வந்த நாளுக்கும் நெல் நனைந்த நாளுக்கும் இடையில் விவசாயி படும் பாட்டைக் குறைக்க, டெல்லியில் அந்தக் கோப்பைப் பின்தொடர ஒருவர் தேவை. அதற்குப் பொருத்தமானவர் தொகுதியின் உறுப்பினர்தான். ஒரு பருவத்தில் எங்கள் உறுப்பினரின் அலுவலகம் முன்கூட்டியே பேசியதால், நெடுஞ்சாலை ஓரத்து நிலையங்களோடு திரும்பிவிடாமல் உள்ளே கடைமடைப் பக்கம் இருக்கும் நிலையத்திலும் குழு மாதிரி எடுத்தது. வேறொரு பருவத்தில், மூட்டைகள் நனைந்து கிடந்த நேரத்தில், அலுவலகத்தில் பேசுவதற்கே ஆள் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. தேர்தல் நேரத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் வந்தவர்களுக்கு அந்த ஒரு வாரம் வரத் தெரியவில்லை.

பயிர்க் காப்பீட்டில் வேறு வகையான உதவி கிடைத்தது. 2016-இல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்ததிலிருந்து எங்கள் குறை, பக்கத்து வருவாய்க் கிராமத்துக்கு இழப்பீடு வருகிறது, எங்களுக்கு வரவில்லை, ஏன் என்றும் தெரியவில்லை என்பதுதான். இழப்பீடு பயிர் அறுவடைப் பரிசோதனையில் கிடைத்த மகசூலை வைத்துக் கணக்கிடப்படுவதால், எங்கள் கிராமத்தின் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் வாதாட முடியாது. மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழு என்று ஒன்று உண்டு. 'திஷா' என்று அழைக்கப்படும் அந்தக் குழுவுக்கு நாடாளுமன்ற உறுப்பினரே தலைவர். மத்திய அரசின் நிதியில் நடக்கும் திட்டங்களை மாவட்ட அதிகாரிகளை அமரவைத்து அவர் ஆய்வு செய்யலாம். அந்தக் கூட்டத்துக்கு முன்பாக எங்கள் கேள்வியை எழுத்தில் கொடுத்தோம். கிராமவாரியான விவரம் கிடைத்தது. அதைப் பார்த்த பிறகு ஒரு பருவத்தில் எங்கள் முறையீடு ஏற்கப்பட்டது, மற்றொன்றில் கணக்கு சரியாகவே இருந்தது என்று ஊரும் ஒப்புக்கொண்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நடக்க வேண்டிய கூட்டம் அது. எப்போது நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஊர்கள் மிகக் குறைவு. நிதியைப் பற்றிக் கேட்பதில் பத்தில் ஒரு பங்கு அக்கறையை இந்தக் கூட்டத்தின் மீது காட்டினால் பலன் பல மடங்காகும்.

ரயிலைப் பொறுத்தவரை பொறுமை வேண்டும். 2019-இல் திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதையில் ரயில் ஓடத் தொடங்கியபோது கடவுப்பாதைகளில் பணியாளர் இல்லாததால், ரயிலில் வரும் ஊழியரே இறங்கிக் கேட்டை மூடி, ரயில் கடந்த பின் திறந்துவிட்டு ஏறிக்கொள்ள வேண்டியிருந்தது. 150 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவையில் பேசியும் அமைச்சரிடம் மனு கொடுத்தும்தான் இதைப் போன்றவை தீர வேண்டியிருக்கிறது. திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி இடையிலான 37 கிலோமீட்டர் பாதை அகலப்பாதையாகி 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது, வேதாரண்யம் பகுதி மக்களும் உப்பு உற்பத்தியாளர்களும் நெடுங்காலம் காத்திருந்ததன் விளைவு. மறுபுறம், 1986-இல் நிறுத்தப்பட்ட மயிலாடுதுறை–தரங்கம்பாடி ரயில் எத்தனையோ உறுப்பினர்களின் வாக்குறுதிகளில் இடம்பெற்றும் திரும்பி வரவில்லை. எல்லாப் பழியையும் உறுப்பினர் மீது போடுவது நியாயமாகாது. ஆனால் அவர் எத்தனை முறை, எந்த வடிவில் கேட்டார் என்று பார்க்க முடியும். மக்களவை இணையத்தளத்தில் ஒவ்வொரு உறுப்பினரும் எழுப்பிய கேள்விகளும் அமைச்சர்களின் பதில்களும் இருக்கின்றன. தொகுதிப் பிரச்சினையைக் கேள்வியாக இல்லாமல் கோரிக்கையாக அவையில் முன்வைக்க இடம் தரும் மக்களவை விதி 377-இன் கீழ் பதிவுசெய்த கோரிக்கைகளும் அவைக் குறிப்பில் இடம்பெறுகின்றன. அமைச்சர் எழுத்தில் தந்த பதில் ஒன்று கையில் இருந்தால், அடுத்த மனுவை அந்தப் பதிலிலிருந்தே தொடங்கலாம். எங்கள் ஊரில் பட்டதாரிப் பெண் ஒருவர் ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்த பிறகும் இவற்றை எடுத்துத் தமிழில் எழுதி வாசகசாலையில் ஒட்டுகிறார். அவர் ஒட்டத் தொடங்கிய பிறகு அலுவலகத்தில் எங்களிடம் பேசும் முறையிலேயே மாற்றம் தெரிகிறது.

அடுத்த குளிர்காலக் கூட்டத்தொடருக்காக ஒரு கோரிக்கையை எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஈரப்பதத் தளர்வுக்கு ஒவ்வொரு முறையும் குழு வந்துபோகும் வரை காத்திராமல், டெல்டா மாவட்டங்களில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மழை பதிவானால் தளர்வு தானாகவே நடைமுறைக்கு வரும்படி விதியைத் திருத்த முடியுமா என்று உணவுத் துறை அமைச்சரிடம் கேள்வியாகக் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். கேள்விக்கு 15 நாட்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதால் புரட்டாசியிலேயே மனு போய்விட்டது. பெற்றுக்கொண்டதற்கான எண்ணும் தேதியும் எங்களிடம் இருக்கின்றன. பக்கத்து ஊராட்சிகள் தங்கள் பெயரில் இதே கோரிக்கையை அனுப்ப விரும்பினால் நகல் தருகிறோம்.