நீர்க்கரையில் வீடா? தண்ணீர் அலாரத்துக்குப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

முட்டுக்காடு உப்பங்கழியை ஒட்டி எங்கள் வீடு. கொல்லைக் கதவைத் திறந்தால் பத்தடியில் படித்துறை, ஐந்தாம் படியில் தண்ணீர். பாப்பா நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கும் அம்மாவுக்கும் நிம்மதியான தூக்கம் இல்லை. அந்தப் பயத்தை வைத்துத்தான், குழந்தை தண்ணீரில் விழுந்தால் உடனே அலறும் அலாரம் என்று சொல்லி ஒரு கம்பெனி எங்களிடம் 68,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனது. வழக்கு நடப்பதால் பெயர் போடவில்லை.

செப்டம்பரில் வந்து மாட்டினார்கள். படித்துறையில் ஒரு பெட்டி, அதிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் குழாய். ஏதாவது விழுந்தால் தண்ணீர் அசையும், குழாய்க்குள் அழுத்தம் மாறும், உடனே சைரன் அடிக்கும். கொல்லைக் கதவில் காந்த சென்சார், கூடத்தில் சைரன், போனில் ஆப். எங்கள் கண் முன்னால் ஒரு செங்கல்லைப் போட்டுக் காட்டினார்கள். தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று கழி கண்ணாடி மாதிரி கிடந்தது என்பதை நான் யோசிக்கவே இல்லை. அப்போது முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தது. வடகிழக்குப் பருவமழை பிடித்து முகத்துவாரம் திறந்ததும் கடல் தண்ணீர் உள்ளே வந்து போக ஆரம்பித்தது. அதோடு சனி, ஞாயிறுகளில் மோட்டார் படகுகள் கிளப்பும் அலை. சைரன் ராத்திரி பகல் பார்க்காமல் அலறியது. பாப்பா அதைக் கேட்டாலே வீறிட்டு அழுவாள். போன் செய்தால் டெக்னீஷியன் வந்து உள்ளே ஏதோ திருகி, "சென்சிட்டிவிட்டி குறைச்சிட்டேன் மேடம், இனி தொந்தரவு இருக்காது" என்றார். தொந்தரவு இல்லைதான். அதன்பிறகு அது எதற்குமே அடிக்கவில்லை.

டிசம்பரில் ஒரு நாள் காற்றும் மழையும். கரண்ட் போய்விட்டது. துணி எடுக்கப் போன அம்மா கொல்லைக் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. திரும்பிப் பார்த்தபோது பாப்பா இரண்டாம் படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்ததற்குச் சைரன் அடிக்கவில்லை, போனுக்கும் ஒன்றும் வரவில்லை. சைரனுக்குள் பேட்டரியே கிடையாது. வைஃபை பெட்டியும் கரண்டோடு சேர்ந்து அணைந்துவிட்டது. மழைக்காலத்தில், தண்ணீர் ஏறி நிற்கிற நேரத்தில், எங்கள் பக்கம் கரண்ட் போவது புதிதா என்ன? மாட்டியவர்களுக்கு அது தெரியாமலா இருக்கும்?

மறுநாள் தம்பி வந்தான். பழைய பிளாஸ்டிக் கேன் ஒன்றில் மணலும் தண்ணீரும் நிரப்பி, பாப்பாவின் எடை பதினொரு கிலோ என்பதால் அதே எடைக்கு நிறுத்து, படியிலிருந்து தள்ளிவிட்டான். தண்ணீர் தெறித்தது, கேன் முழுகியது, அலாரம் வாயே திறக்கவில்லை. மூன்று தடவை போட்டோம். மூன்றாவது தடவை நீர் வற்றும் நேரம், குழாயின் நுனி தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்குக் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அப்புறம்தான் பெட்டியோடு வந்த தாளைத் தேடி எடுத்துப் படித்தேன். நீச்சல் குளத்துக்கு மட்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. ஓடுகிற தண்ணீரிலும் ஏறி இறங்குகிற தண்ணீரிலும் பயன்படுத்தக் கூடாதாம். வீட்டைச் சுற்றிப் பார்த்து, படித்துறையை டேப் வைத்து அளந்துவிட்டுப் போனவர்கள்தான் இதை விற்றார்கள். வெளிக்கதவில் மாட்டிய சென்சாரிலும் ஐபி 44 என்றுதான் போட்டிருந்தது. அது தண்ணீர் தெறித்தால் தாங்கும், அவ்வளவுதான். உப்புக்காற்றில் அதன் திருகுகள் மூன்றே மாதத்தில் துருவேறிவிட்டன.

கேட்டதற்கு, "மெஷின்ல பிராப்ளம் இல்ல மேடம், உங்க தண்ணில பிராப்ளம்" என்றார்கள். ஐந்து வருட வாரன்ட்டி அட்டையில் முத்திரை இல்லை. ஜிஎஸ்டி பில் வேண்டாமென்றால் 18 சதவீதம் மிச்சம் என்று ஆரம்பத்திலேயே பேசியிருந்தார்கள், நாங்களும் தலையாட்டிவிட்டோம். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். நல்லவேளை, பணம் யுபிஐயில் போயிருந்தது, பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில் இருந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தோம், கம்பெனிக்காரர்கள் பதிலே தரவில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டோம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இப்போது படித்துறையைச் சுற்றி நாலடிக்குக் கம்பி வேலி போட்டிருக்கிறோம். குழந்தை கால் வைத்து ஏற முடியாதபடி குறுக்குக் கம்பி எதுவும் இல்லை. கேட் தானாகச் சாத்திக்கொள்ளும், தாழ்ப்பாள் பெரியவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில். கேட்டிலும் கதவிலும் பேட்டரியில் ஓடும் சாதாரண மணி, வைஃபை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவே திறந்து பார்த்துச் சோதிக்கிறார்.

அதே ஆட்கள் இப்போது வேறு பெயரில் கானத்தூர் பக்கம் நோட்டீஸ் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உங்கள் வீட்டுக்கு வந்தால், படகு போகிற நேரத்தில், மெயினை அணைத்துவிட்டு, உங்கள் குழந்தையின் எடைக்கு ஒரு கேனைத் தண்ணீரில் தள்ளிக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.