முட்டைக்கு ஏற்ற இடம் அலமாரியா, ஃபிரிட்ஜா?

கடையில் வெளியிலேயே அடுக்கி வைத்து விற்கும் முட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் வைப்பானேன் என்று என் மாமியார் கேட்ட கேள்விக்கு, சைதாப்பேட்டையில் நாங்கள் குடியேறிய பிறகு வந்த முதல் மே மாதம்தான் விடை சொன்னது. அட்டையோடு அலமாரியில் வைத்திருந்த முப்பதில், பத்தாம் நாள் உடைத்த ஒன்றின் வெள்ளைக்கரு தோசைக்கல்லில் கூடி நிற்காமல் தண்ணீராக ஓடியது. கரண்டி பட்டதும் மஞ்சள்கரு கலைந்தது. அன்றிலிருந்து நான் ஃபிரிட்ஜ் கட்சி.

அலமாரியிலும் வசதி உண்டு. கொதிநீரில் போடும்போது ஓடு அவ்வளவாக விரிசல் விடாது. மார்கழியில் ஆறு முட்டை வாங்கி மூன்று நாளில் தீர்க்கும் வீட்டுக்கு அதுவே போதும்.

தீர்மானிப்பது வெயில்தான். சால்மோனெல்லா கிருமி ஓட்டின் மேல் மட்டுமன்றிச் சில வேளை முட்டைக்குள்ளேயும் இருக்கக்கூடும். அது மிக வேகமாகப் பெருகுவது 35 முதல் 37 டிகிரி சூட்டில், அதாவது கத்திரியில் அடுப்பெரியும் நம் சமையலறையின் சூட்டில். 5 டிகிரிக்குக் கீழே அந்தப் பெருக்கம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நாமக்கல்லிலிருந்து லாரியில் வந்து அண்ணாச்சி கடையில் காத்திருந்த நாட்களுக்கு நாம் பொறுப்பில்லை. வீட்டுக்கு வந்த பின் கழியும் நாட்களுக்கு நாம்தான் பொறுப்பு.

உள்ளே வைத்ததை எடுத்தால் உடனே சமைத்துவிட வேண்டும். சென்னையின் ஈரக்காற்றில் சில நிமிடங்களிலேயே ஓடு முத்து முத்தாக வியர்க்கும். அந்த ஈரம் நுண்துளைகள் வழியே கிருமி உள்ளே புக இடம் கொடுக்கும். கழுவுவதையும் சமைப்பதற்குச் சற்று முன் வைத்துக்கொள்கிறேன். கதவிலுள்ள முட்டைக் குழிகளை நான் பயன்படுத்துவதில்லை. திறக்கும்போதெல்லாம் வெப்பக்காற்று படுவது அங்கேதான். மூடிய டப்பாவில் உள்தட்டில் வைக்கிறேன்.

ஃபிரிட்ஜ் கைவிட்டதும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் பதினொரு முட்டைகளைக் கொட்டினோம். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்த பார்வையே போதுமாக இருந்தது.

நாட்டுக்கோழி முட்டையை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் வாங்குகிறோம் என்பதால், அதைப் பற்றி அனுபவமாகச் சொல்ல அதிகமில்லை. குளிர் கிருமியைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் வைக்கிறது, அவ்வளவே. ஆகவே மாமியாருக்கும் ஐந்து வயது மகளுக்கும் மஞ்சள்கரு இறுகிய பிறகே தட்டில் வைக்கிறேன். மிளகுத்தூள் தூவிய ஆஃப்பாயிலை ஞாயிறுதோறும் சாப்பிடும் பழக்கத்தை என்னால்தான் இன்னும் விட முடியவில்லை.