54, 62, 68, கடைசியில் 64: ஏழு வருடங்களில் எனக்கு அமைந்த வில் நீளம்

மிச்சிகன் மாநிலத்தில் அக்டோபர் 1-ஆம் தேதி வில் வேட்டை தொடங்கும். நவம்பர் 14 வரை ஓடும். நடுவில் துப்பாக்கிக்காரர்களின் முறை. அது முடிந்து டிசம்பரில் மறுபடி வில்லுக்குத் திறப்பார்கள். ஏழு வருடமாக இந்தப் பருவங்களில் வெள்ளைவால் மானுக்குப் போகிறேன். சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லை நான் தொட்டதில்லை. நுனிகள் முன்பக்கம் வளைந்த ரிகர்வ், நேரான நீள வில்லான லாங்போ இரண்டும்தான். அதற்குள் நான்கு நீளங்கள் மாற்றியாகிவிட்டது. புதிதாக வில் வாங்கப்போகிறவருக்கு என் செலவாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வில் 54 அங்குல ரிகர்வ். அதில் '28 அங்குலத்தில் 50 பவுண்டு' என்று எழுதியிருந்தது, அதாவது 28 அங்குலம் இழுத்தால் 50 பவுண்டு விசை. காட்டுக்குள் கிளையில் சிக்காது, ட்ரீ ஸ்டாண்டில் (மரத்தில் கட்டி உட்காரும் மேடை) சுலபமாகத் திரும்பலாம் என்று கடையில் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் என் இழுப்பு நீளம், அதாவது நாணை நான் எவ்வளவு தூரம் இழுக்கிறேன், என்ன என்று அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. நான் ஆறடிக்கு மேல். கை நீளம். என் இழுப்பு 29½ அங்குலம்.

ஒரு மாதத்திலேயே வலது மோதிர விரல் வீங்கிவிட்டது. வில் குட்டையாக இருந்தால் முழு இழுப்பில் நாண் கூர்மையாக மடியும். அந்த மடிப்புக்குள் மூன்று விரல்களும் நெருக்கிக்கொள்ளும். மேல் விரலும் கீழ் விரலும் அம்பின் வால்பக்கத்தைக் கவ்விப் பிடிக்கும். விடும்போது மூன்றும் ஒரே நேரத்தில் விலகாது. பத்து கஜத்தில்கூட ஒரு அம்பு இடப்பக்கம், அடுத்தது மேலே. கையுறையை மாற்றினேன், பிறகு விரல்களைக் காக்கும் தோல் துண்டான டேபுக்குப் போனேன். நாணைக்கூட மாற்றிப் பார்த்தேன். எதுவும் உதவவில்லை.

அப்புறம்தான் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை நாணில் மாட்டி, ஒவ்வொரு அங்குலமாக இழுத்து எழுதி வைத்தேன். 26-லிருந்து 27-க்கு 3 பவுண்டு ஏறியது. 27-லிருந்து 28-க்கு 4. 28-லிருந்து 29-க்கு ஐந்துக்கும் மேல். 50 பவுண்டு என்று நினைத்துக்கொண்டு நான் இழுத்தது கிட்டத்தட்ட 58! வில்காரர்கள் இதைத்தான் 'ஸ்டேக்கிங்' என்கிறார்கள். நாணுக்கும் லிம்ப் (வில்லின் வளையும் கை) நுனிக்கும் உள்ள கோணம் செங்கோணத்தை நெருங்க நெருங்க, இழுக்கிற விசைக்கு லிம்பை வளைக்கும் நெம்புபலம் குறைந்துபோகிறது. கடைசி ஒரு அங்குலத்தில் சுவரை இழுப்பதுபோல் இருக்கும். அந்த இடத்தில் நிதானமாக நின்று குறி பார்க்க யாராலும் முடியாது.

அந்த வில்லைப் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் வாங்கிக்கொண்டார். அவர் இழுப்பு 26 அங்குலம். வாங்கிய அன்றே என் வீட்டுப் பின்புறத்தில் ஆறு அம்பு விட்டார். ஆறும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் நின்றன. "வில்லில் குறையில்லை, உன் கைதான் இதற்கு நீளம்" என்றார். அன்றைக்குத்தான் விஷயம் விளங்கியது. வில் நீளம் காட்டைப் பார்த்து முடிவாவதற்கு முன்னால் கையைப் பார்த்து முடிவாக வேண்டும்.

அடுத்து வந்தது சாமிக் சேஜ் என்ற ரிகர்வ். 62 அங்குலம், கழற்றி மாட்டக்கூடியது, 40 பவுண்டு. விரல் வலி இரண்டு வாரத்தில் போயிற்று. நடுவிரலை உதட்டோரத்தில் வைத்தால் நாண் மூக்கு நுனியைத் தொட்டது. 54-இல் அந்தத் தொடுகை எனக்குக் கிடைத்ததே இல்லை. நாண் முகத்தைவிட்டு முன்பக்கம் விலகி ஓடும். உதட்டோரம், மூக்கு நுனி என்று இரண்டு அடையாளம் இருந்தால் தலை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறது. சைட் (வில்லில் மாட்டும் குறிபார்க்கும் கருவி) இல்லாமல் எய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. மூன்று வருடம் அதை வைத்திருந்தேன். என் முதல் மான் அந்த வில்லில்தான், 13 கஜத்தில். முதல் வில்லுக்கு 62-ஐ யார் எடுத்தாலும் நான் தடுக்க மாட்டேன். அதிகம் பேருக்கு ஒத்துவரும் நீளம் அது.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் ஒரு நண்பரின் 68 அங்குல லாங்போவை ஒரு கோடை முழுக்க இரவல் வாங்கி எய்தேன். அது வேறு சுகம். ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரே சீராக விசை ஏறுகிறது. விடுவதில் சின்னத் தவறு நேர்ந்தாலும் மன்னித்துவிடுகிறது. 20 கஜத்தில் என் அம்புகள் இவ்வளவு நெருங்கி நின்றதே இல்லை. இனி இதுதான் என்று அக்டோபரில் காட்டுக்கும் எடுத்துப் போனேன்.

தரையில் கூடாரம் போட்டு, தாழ்வான மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மாலை ஐந்தரை இருக்கும். ஒரு பெண்மான் ஓக் மரத்தடியில் கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டே 12 கஜத்துக்கு வந்துவிட்டது. தலையைக் குனிந்ததும் வில்லைத் தூக்கினேன். பாதி இழுத்திருப்பேன், வில்லின் கீழ் நுனி நாற்காலிக் காலில் 'டக்' என்று பட்டது. மான் தலை நிமிர்த்தி ஒரு கணம் பார்த்தது. வெள்ளை வால் மேலே எழுந்தது, அவ்வளவுதான். நல்லவேளையாக நான் அம்பை விடவில்லை. நுனி எதிலாவது மோதிக்கொண்டிருக்கும்போது விட்டிருந்தால் மானுக்கு மோசமான இடத்தில் காயம் பட்டிருக்கும். ஒரு உயிரை எடுப்பதென்றால் சுத்தமாகவும் சீக்கிரமாகவும் முடிக்க வேண்டும். அதற்கு இடைஞ்சலாக இருக்கிற கருவி, மைதானத்தில் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் காட்டுக்கு ஆகாது.

அந்தக் குளிர்காலத்தில் இன்னொன்றும் தெரிந்தது. டி-சட்டையோடு நின்றால் என் இழுப்பு 29½. கனத்த ஜாக்கெட்டோடு உட்கார்ந்து, இடுப்பைத் திருப்பி இழுத்தால் 28½-தான் வருகிறது. அதனால் அளவை இரண்டு முறை எடுங்கள். 25 பவுண்டுக்குக் குறைந்த லேசான வில்லில் அங்குலக் குறி போட்ட நீள அம்பை வைத்து நிதானமாக இழுங்கள். கைப்பிடியின் குழிவான இடத்துக்கு நேரே அம்பில் எந்தக் குறி வருகிறது என்று இன்னொருவர் பார்க்கட்டும். அதோடு 1¾ அங்குலம் கூட்டினால் உங்கள் இழுப்பு நீளம். இதையே வேட்டைக்குப் போடும் உடுப்போடு, உட்கார்ந்தும் செய்து பாருங்கள்.

ரிகர்வுக்கு நான் சொல்லும் கணக்கு இது. 27 அங்குலத்துக்குக் கீழே இழுப்பவருக்கு 58 தாராளம்; பேர் (Bear) நிறுவனத்தின் கிரிஸ்லி போன்ற 58 அங்குல வில்கள் அவர்களுக்கு அருமையாக அமையும். 27-லிருந்து 29 வரை 60 அல்லது 62. அதற்கு மேல் என்றால் 62-க்குக் கீழே இறங்காதீர்கள். லாங்போ என்றால் இதோடு இரண்டிலிருந்து நான்கு அங்குலம் வரை கூட்டிக்கொள்ளுங்கள்.

துருக்கி வில்கள் 44 அங்குலம்தானே, அவர்கள் எப்படி இழுத்தார்கள் என்று கேட்கலாம். அவை கொம்பு, மரம், தசைநார் ஒட்டிச் செய்தவை. நுனியில் வளையாத விறைப்பான பகுதி நெம்புகோல்போல வேலை செய்யும். நாணைக் கட்டைவிரல் மோதிரத்தால் இழுப்பார்கள். ஒரு விரல்தான் என்பதால் நெருக்கலே கிடையாது. மூன்று விரலால் ரிகர்வ் இழுக்கும் நமக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இப்போது என்னிடம் இருப்பது 64 அங்குலம். 19 அங்குல ஐஎல்எஃப் (லிம்புகளைக் கழற்றி மாற்ற உதவும் பொதுவான பொருத்துமுறை) கைப்பிடியில் நீள லிம்ப் மாட்டியது. 28-இல் 42 பவுண்டு, என் இழுப்பில் 46 வருகிறது. ஐஎல்எஃப் வாங்கியதில் ஒரு லாபம், அதே கைப்பிடியில் நடுத்தர லிம்ப் போட்டால் 62, குட்டை லிம்ப் போட்டால் 60. முழு வில்லையும் விற்க வேண்டியதில்லை. நாண் வாங்கும்போது மட்டும் கவனம்: ரிகர்வில் எழுதியிருக்கும் நீளத்தைவிட நாண் நாலு அங்குலம் குறைவு. 64-க்கு 60 அங்குல நாண்.

நாலாவது பருவமாக இதோடு போகிறேன். கூடாரத்தில் தாழ்ந்த நாற்காலியை மாற்றி உயரமான ஸ்டூல் போட்டுவிட்டேன். ட்ரீ ஸ்டாண்டில் வில்லைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்துப் பிடித்தால் கீழ் நுனி தொடையில் படாமல் தப்பிக்கிறது. அப்படிச் சாய்த்தே கோடை முழுக்கப் பழகுகிறேன். 54-ஐவிட இது கிளைகளில் அதிகம் உரசுகிறது என்பதை மறைக்கவில்லை. செப்டம்பரிலேயே போய் மரத்தைச் சுற்றி அனுமதி உள்ள அளவுக்குச் சின்னக் கிளைகளைக் கழித்துவிட்டு வருவேன். என் எல்லை 15 கஜம். அதற்கு மேல் நிற்கிற மானை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் மனைவியும் இப்போது பழகுகிறாள், குறிப்பலகைக்கு மட்டும். இழுப்பு 25½. என் 64-ஐ ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க, இது எனக்குப் பாதியிலேயே நின்னுடுது" என்றாள். அவளுக்கு 58 அங்குலம், 35 பவுண்டு வாங்கினோம். அவள் இழுப்பில் 30 பவுண்டு வரும். போன ஞாயிறு 15 கஜத்தில் எங்கள் இருவர் அம்புகளையும் பிடுங்கி எண்ணினோம். பலகையின் நடு மஞ்சளில் அவளுடையவைதான் அதிகம்.