பின்னணி விசாரணை: ஏஜென்சியிடம் கொடுப்பதா, நாமே பார்ப்பதா?

அமெரிக்காவில் வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம், வெளி ஏஜென்சி மூலம் பின்னணியை விசாரித்தால் 1970-ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் வந்துவிடும். பெயரில்தான் கடன்; குற்றப் பதிவு விசாரணைக்கும் அதுவே.

விசாரிக்கப் போவதைத் தனித் தாளில் தெரிவித்து, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். தாளின் அடியில் 'நிறுவனத்தின் மேல் வழக்குப் போட மாட்டேன்' என்று ஒரு வரி சேர்த்தாலும் தப்பு என்று 2017-இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. தெரிந்தே மீறினால் ஆளுக்கு 100 முதல் 1,000 டாலர் வரை இழப்பீடு.

அப்புறம், அறிக்கையைக் காரணம் காட்டி வேலையை மறுக்கும் முன்பே அதன் நகலையும் உரிமைகளின் சுருக்கத்தையும் விண்ணப்பதாரரிடம் கொடுக்க வேண்டும். அதே பெயருள்ள இன்னொருவரின் வழக்கு அதில் புகுந்திருந்தால், வேலை கைநழுவும் முன் அதைச் சொல்ல அவருக்கு இதுதான் வாய்ப்பு.

சரி, நீதிமன்றப் பதிவுகளை நாமே தேடினால்? இந்தச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. ஆனால் பாகுபாட்டைத் தடுக்கும் 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் இரண்டு வழிக்கும் உண்டு. குற்றம் எப்படிப்பட்டது, நடந்து எத்தனை காலமாயிற்று, இந்த வேலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று பார்க்காமல் குற்றப் பதிவு உள்ள எல்லோரையும் மொத்தமாக ஒதுக்கினால், அது சில இனத்தவரை அதிகம் பாதித்துப் பாகுபாடாகிவிடலாம்; அங்கேதான் சிக்கல். மாநிலச் சட்டங்கள் தனி.

நாமே தேடும்போது, தவறான பதிவைத் திருத்த விண்ணப்பதாரருக்கு வழி இல்லாமல் போகலாம். அதனால் என் ஓட்டு ஏஜென்சிக்கே. நாமே தேடினாலும் நகலைக் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.