"குறிப்பிடத்தக்க அடைப்பு இல்லை": இந்த வரியோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்

என் தங்கைக்கு வயது 36. சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, கொழுப்பும் அளவோடுதான் இருந்தது. அவளுக்கு ஒரே ஆண்டில் இரண்டாவது முறையும் பக்கவாதம் வந்தது. முதலில் வந்ததற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். இரண்டாவதைத் தடுக்க வழி இருந்தது. எங்கள் ஊரின் பெரிய தனியார் மருத்துவமனை ஒன்று அந்த வழியை அடைத்துவிட்டது. பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

முதல் முறை வகுப்பில் நிற்கும்போதே வலது கை செயலிழந்து, பேச்சு குழறியது. உடன் வேலை பார்க்கும் ஆசிரியைகள் கொஞ்சமும் தாமதிக்காமல் 108-ஐ அழைத்தார்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்குள் போய்ச் சேர்ந்தாள், ஊசியும் போட்டார்கள், கை பழைய நிலைக்கு வந்தது. அந்த அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களுக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இந்த வயதில் ஏன் வந்தது என்று கேட்டோம். இதயத்துக்கு எக்கோ, இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டர், ரத்தப் பரிசோதனைகள், கழுத்துக்கு டாப்ளர் என்னும் ரத்த ஓட்ட ஸ்கேன், ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கழுத்து ரத்தக்குழாயைப் பற்றி அறிக்கையில் இருந்தது ஒரே வரி: குறிப்பிடத்தக்க அடைப்பு இல்லை. மூத்த மருத்துவர் கோப்பைப் புரட்டிவிட்டு, "எல்லாம் மன அழுத்தம்தான் அம்மா. பள்ளிக்கூட வேலை, வீட்டு வேலை, இரண்டையும் இழுத்துப் போட்டுக்கொண்டால் இப்படித்தான். ஆஸ்பிரின் எழுதியிருக்கிறேன், டென்ஷன் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதையே காரணமாக எழுதிவிட்டார்கள். பணம் கட்டும் இடத்தில், குடும்பத்தில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று சொல்லி, அம்மாவுக்கும் எனக்கும் கழுத்து டாப்ளர் அடங்கிய 'ஸ்ட்ரோக் பேக்கேஜ்' ஒன்றையும் விற்றார்கள்.

சில மாதங்களில், மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாத நிலையில், முதல் முறை வலது கையை முடக்கிய, மூளையின் அதே இடப்பக்கத்தில் மறுபடியும் தாக்கியது. இந்த முறை பேச்சு போயிற்று.

வெளியூரில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றினோம். அங்கே நரம்பியல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "பழைய ஆஞ்சியோ படங்கள் இருக்கின்றனவா? அறிக்கை வேண்டாம், படங்களே வேண்டும்" என்பதுதான். அவற்றை வாங்குவதற்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அறிக்கையைத்தான் கொடுத்துவிட்டோமே என்றார்கள். கம்ப்யூட்டரில் அழிந்துவிட்டது என்றார்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இதைக் குறிப்பிட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினோம். அழிந்துவிட்டதாகச் சொன்ன படங்கள் மறுநாளே வந்துவிட்டன.

அந்த மருத்துவர் என்னையும் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார். படத்தைப் பக்கவாட்டுக்குத் திருப்பினார். கழுத்தில் பெரிய ரத்தக்குழாய் இரண்டாகப் பிரிந்து, மூளைக்குப் போகும் கிளை தொடங்குகிற இடம் சற்றே புடைத்திருந்தது. அதன் பின்சுவரிலிருந்து மெல்லிய விளிம்பு ஒன்று உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் சுட்டிக்காட்டிய பிறகு என் கண்ணுக்கே தெளிவாகத் தெரிந்தது. கரோடிட் வெப் என்று அதைச் சொல்கிறார்கள். குழாயின் உட்படலம் அந்த இடத்தில் மட்டும் தடித்து உண்டாவது. ரத்தக்குழாய்ச் சுவர் இயல்புக்கு மாறாக வளரும் ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்பிளேசியா என்னும் நோயின் அரிய வடிவமாகக் கருதப்படுகிறது. வாய்க்காலில் பாதிவரை நீட்டிய பலகைக்குப் பின்னால் தண்ணீர் சுழன்று தேங்குவதுபோல, விளிம்புக்குப் பின்னால் ரத்தம் தேங்கி உறைகிறது. உறைந்த கட்டி பெயர்ந்து மூளைக்குப் போகிறது. குழாய் பெரிதாகக் குறுகுவதில்லை. அதனால் எத்தனை சதவீதம் அடைப்பு என்று மட்டும் அளந்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். டாப்ளரில் இது தப்பிவிடுவது சகஜம். எங்களுக்கு விற்ற பேக்கேஜில் இருந்ததும் அதே டாப்ளர்தான்.

அரிய நோய், முதல் பார்வையில் தவறவிட்டார்கள் என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அனுபவசாலிகளுக்கும் அது நேரும். காரணம் தெரியவில்லை என்று உண்மையைச் சொல்லியிருந்தால் நாங்கள் வேறு இடம் தேடிப் போயிருப்போம். தெரியாததை மன அழுத்தம் என்று மூடி, அந்தப் பயத்தை வைத்தே எங்களிடம் வியாபாரம் செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கரோடிட் வெப் இருப்பவர்களுக்கு ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் மட்டும் பல நேரங்களில் போதாது. ஸ்டென்ட் வைப்பது அல்லது அந்த விளிம்பை அறுவை செய்து எடுப்பது பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். தங்கைக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பேச்சுப் பயிற்சிக்குப் போகிறாள். சீப்பின் படத்தைக் காட்டினால் சாவி என்கிறாள். தவறு என்று அவளுக்கே தெரிகிறது, சரியான சொல்தான் வர மறுக்கிறது. தமிழ்ப் பாடம் நடத்தியவள்.

உங்கள் வீட்டில் இளம் வயதில் யாருக்காவது பக்கவாதம் வந்து, காரணம் பிடிபடவில்லை என்றால், கழுத்துக்கும் மூளைக்கும் சேர்த்து சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுத்திருந்தால், கரோடிட் வெப் இருக்கிறதா, குழாயின் சுவரில் கிழிசல் இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கிழிசல் இளம் வயதினரிடம் இன்னும் அதிகமாகக் காணப்படுவது. விபத்துக்குப் பிறகோ, சலூனில் கழுத்தைத் திருகிச் சொடுக்கிய பிறகோ கழுத்து வலியுடன் ஒரு கண்ணிமை தொங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். படங்களைக் குறுவட்டில் கேட்டு வாங்கி, பக்கவாதத்தில் அனுபவமுள்ள இன்னொரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். எழுதிக் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் பயந்துபோய் கழுத்துக்கு ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம்.

மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பிவிட்டோம். அடைப்பு 50 சதவீதத்துக்கும் குறைவு என்பதால் தங்கள் அறிக்கை சரியே என்று மருத்துவமனை பதில் எழுதியிருக்கிறது. அடுத்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம்.